ஆறு பிரஷ், ஒரு வாய்

என் தம்பியின் பேத்திக்குப் பதினைந்து வயது. பல்வரிசையை நேராக்க அவளுக்குக் கம்பி கட்டியிருக்கிறார்கள். போன மாதம் நீலாயில் ஒரு மருந்துக் கடையில் அவளோடு நின்றுகொண்டிருந்தேன். கம்பி கட்டிய பிள்ளைகளுக்கென்றே தனியாக பிரஷ் விற்கிறார்கள். ஓரத்து மயிர் நீளமாக இருக்கிறது, நடுவரிசை மட்டும் கட்டையாக. நடுவரிசை கம்பியின்மேல் உட்காருமாம், ஓரங்கள் இரண்டும் பல்லையும் ஈறையும் போய்த் தொடுமாம். அவள் ஒவ்வொரு அட்டையாக எடுத்துப் படித்துக் காட்டி, எதை வாங்கலாம் என்று என்னைக் கேட்டாள். தலை சின்னதாக, மயிர் மெத்தென்று இருந்த ஒன்றைக் காட்டினேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்றாள். இந்த பிரஷைக் கண்டுபிடித்ததே எங்கள் சித்தப்பாதான் என்றேன். கம்பியெல்லாம் தெரிய வாயைத் திறந்து சிரித்தாள். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

நான் சொன்னது பொய்யில்லை. சித்தப்பா அதை எங்கேயும் பதிந்து வைக்கவில்லை, அவ்வளவுதான்.

பதின்மூன்று வயதில் என் வாயிலும் கம்பி இருந்தது. அழகுக்காகக் கட்டியதல்ல. லுக்குட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள், பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் வேலை. அப்பாவின் தம்பியான சித்தப்பா, ரப்பர் ஷீட் காயப்போடும் புகைவீட்டில் வேலை பார்த்தார். கல்யாணம் ஆகாதவர், சாப்பாடு எங்கள் வீட்டில்தான். அவரிடம் ஒரு சைக்கிள் இருந்தது. அதில் பிரேக் இருந்ததா இல்லையா என்பதில் அவருக்கும் அம்மாவுக்கும் கடைசிவரை கருத்து வேறுபாடு உண்டு. ஒரு நாள் என்னை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு செம்மண் மேட்டிலிருந்து இறங்கும்போது, இரண்டு கையையும் விட்டு ஓட்டிக் காட்டினார். காட்டச் சொன்னது நான்தான். அதை நான் வீட்டில் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை, பழி முழுவதையும் தானே வாங்கிக்கொண்டார்.

விழுந்த வேகத்தில் மேல்வரிசையில் முன்பற்கள் நான்கும் உள்பக்கம் சாய்ந்துவிட்டன. சிரம்பான் ஆஸ்பத்திரியில் இருந்த பல் டாக்டர் அவற்றை நிமிர்த்தி, பக்கத்துப் பற்களோடு சேர்த்து மெல்லிய கம்பியால் பின்னிக் கட்டினார். இரண்டு மாதம் அப்படியே இருக்க வேண்டும் என்றார். கஞ்சியோ சோறோ எதைச் சாப்பிட்டாலும் கம்பிக்குள் துளிகூடத் தங்கக் கூடாது, தங்கினால் ஈறு அழுகும், ஈறு அழுகினால் நான்கு பல்லும் கம்பியோடு கழன்று வந்துவிடும் என்று ஆபீஸ் கிராணி ஒருவரை வைத்து எங்களுக்குத் தமிழில் சொல்ல வைத்தார். அம்மா அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டாள். முன்பல் நான்கும் போன பெண்ணை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்பது அவளுடைய அழுகை. சித்தப்பா சுவரைப் பார்த்தபடி நின்றார்.

வெள்ளைக்காரன் ஆட்சியில் அவசரகாலம் என்று சொல்கிறார்களே, அந்த வருடங்கள் அவை. ஒட்டி ஒட்டி வரிசையாக இருந்த எங்கள் லயத்து வீடுகளைச் சுற்றி அப்போதுதான் முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்ட்டுகளுக்குத் தோட்டத்திலிருந்து சாமான் போகக் கூடாது என்பதற்காக. ஒரே ஒரு கேட். அங்கே மணல் மூட்டை அடுக்கி போலீஸ் நின்றது. காலையில் பெரட்டில் பெயர் கூப்பிட்டு முடிந்து மரம் வெட்டப் போகிறவர்கள் வெறும் தண்ணீர்தான் கொண்டுபோகலாம். டவுனிலிருந்து திரும்பி வருகிறவர்களின் பையும் மடியும் சோதனையாகும். ஒரு வீட்டுக்குத் தேவையானதற்கு மேல் எதைக் கொண்டுவந்தாலும், மீதி யாருக்கு என்று கேட்பார்கள். புதிதாக வேலி வந்த இடத்தில் புதிதாகக் கம்பி கட்டிய வாயோடு நான் வந்து இறங்கினால் தோட்டத்துப் பையன்கள் சும்மா விடுவார்களா? அன்று சாயங்காலத்துக்குள் எனக்கு ‘வேலி’ என்று பெயர் வந்துவிட்டது. வாயைத் திறந்தால் ‘கேட் திறந்தாச்சு’ என்று ஒருவன் கத்துவான். நான் பேசுவதை நிறுத்தினேன். எதைக் கேட்டாலும் ‘ம்’, அதையும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு.

வெளியே பொத்திக்கொள்ளலாம், உள்ளே சுத்தம் செய்ய வேண்டுமே. எங்கள் லயத்தில் எல்லோருக்கும் அடுப்புக்கரியும் ஆள்காட்டி விரலும்தான். கரித்தூள் கம்பிக்குள் போய் உட்கார்ந்துகொண்டு வெளியே வர மறுத்தது. அப்பா வேப்பங்குச்சியை மென்று பஞ்சாக்கிக் கொடுத்தார். அது கம்பியின்மேல் ஓடியதே தவிர அடியில் நுழையவில்லை. தோட்டத்துக் கடையில் ஒரே மாதிரி பிரஷ்தான் இருந்தது, சித்தப்பா அதை வாங்கி வந்தார். சப்பாத்துக்கு மை போடுவதற்கு அது தோதாக இருந்திருக்கும். வெந்நீரில் ஊறப்போட்டுத் தேய்த்தும் ரத்தம் வந்தது, போதாததற்கு அதன் மயிர் உதிர்ந்து கம்பிக்குள் மாட்டிக்கொண்டது. மூன்றாம் வாரம் ஈறு சிவந்து வீங்கிவிட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரெசர் பார்த்துவிட்டு, சின்னத் தலையும் மெல்லிய மயிருமாக ஒரு பிரஷ் தேடிப் பிடியுங்கள், ஒரு வாரத்தில் வீக்கம் வடியாவிட்டால் பல்லை எடுக்கத்தான் சிரம்பானுக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா என்னை லுக்குட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார். சைக்கிளில் அல்ல, பஸ்ஸில். சைக்கிளை அம்மா சங்கிலி போட்டுக் கட்டிவைத்திருந்தாள்.

சீனர் கடை ஒன்றில் பிஸ்கட் டின் நிறைய பிரஷ் இருந்தது. நீளத் தலை, உருண்டைத் தலை, குழந்தைகளுக்கானது, ஒவ்வொன்றிலும் வளைந்த காம்பு, நேர்க்காம்பு என்று ஆறு வகை. இத்தனை இருக்கும் என்று சித்தப்பா எதிர்பார்க்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டைவிரலில் தேய்த்துப் பார்த்தார். புகைவீட்டில் காய்ந்துபோன விரல், அதற்கு எல்லா மயிரும் மெத்தென்றுதான் இருந்தது. பிறகு முழங்கையின் உள்பக்கத்தில் தேய்த்தார். ஈறு மாதிரி மெல்லிசான இடம் உடம்பில் வேறு எது என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு இமையின்மேல் தேய்த்துப் பார்க்க ஆரம்பித்தார். கடைக்கு வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். என் வாயில் ஒரு தடவை வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டதற்குக் கடை முதலாளியான தவுக்கே கையை ஆட்டினார். வாயில் வைத்தால் வாங்கியதாகக் கணக்காம். அது நியாயம்தான். சித்தப்பா என்னைப் பார்த்தார், டின்னைப் பார்த்தார். ஒரு வாரம்தான் கெடு, தப்பானதை வாங்கிக்கொண்டு போனால் திரும்பி வர அடுத்த ஞாயிறு ஆகிவிடும். ஆறு வகையிலும் ஒவ்வொன்று எடுத்து, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டித் தரச் சொன்னார். வீட்டில் வைத்து நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

அரிசியில், சர்க்கரையில், டின் பாலில் அளவு தெரியாத ஆள் தோட்டத்தில் யாருமில்லை. மருந்தும் டார்ச் பேட்டரியும்கூட ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். பிரஷ் திங்கிற சாமான் இல்லையே என்று சித்தப்பா நினைத்திருக்க வேண்டும். முந்தின வாரம் காட்டுக்குள் ரோந்து போனவர்கள் ஆளில்லாத முகாம் ஒன்றைப் பார்த்ததாகவும், அங்கே மூங்கில் கழியில் வரிசையாகப் பல் பிரஷ் செருகியிருந்ததாகவும் தோட்டமே பேசிக்கொண்டிருந்தது. அது அவர் காதிலும் விழுந்திருக்கும். ஆனால் அந்த வாரம் முழுக்க அவர் தலைக்குள் என்னுடைய ஈறு தவிர வேறெதற்கும் இடமில்லை.

கேட்டில் நீள வரிசை. எங்களுக்குப் பின்னாலேயே, ‘வேலி’ என்று கத்துகிற பையன்கள் மூன்று பேர் அவரவர் அப்பாவோடு நின்றார்கள். சித்தப்பாவின் சட்டைப்பையிலிருந்து அந்த ஆறு பிரஷையும் எடுத்த போலீஸ்காரர் கேட்டுக்குப் பொறுப்பான சார்ஜனிடம் கொடுத்தார். சார்ஜன் நடுத்தர வயது மலாய்க்காரர், யாரிடமும் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. ரப்பர் பேண்டைக் கழற்றி ஆறையும் மேசையில் வரிசையாக வைத்தார். யாருக்கு என்று கேட்டார். பிள்ளைக்கு என்று சித்தப்பா என்னைக் காட்டினார்.

“ஒரு பிள்ளைக்கு எத்தனை வாய்?” என்று மலாயில் கேட்டார் சார்ஜன்.

மீன் வாங்கப் போதுமான மலாய்தான் சித்தப்பாவுக்குத் தெரியும். அதை வைத்துக்கொண்டு சைக்கிள், மேடு, சிரம்பான், ஈறு எல்லாவற்றையும் சொல்லப் பார்த்தார். சார்ஜன் பொறுமையாகக் கேட்டார். லயத்தில் பிரஷ் வைத்திருக்கிற வீடு எத்தனை என்று திருப்பிக் கேட்டார். சித்தப்பா மறுபடியும் சைக்கிளிலிருந்து ஆரம்பித்தார். கடைசியில் சார்ஜன் என் பக்கம் திரும்பி, வாயைத் திறந்து காட்டச் சொன்னார்.

நான் திறக்கவில்லை. பொத்தியிருந்த கையை இன்னும் அழுத்திக்கொண்டேன். பின்னால் ஒரு பையன் மூக்கால் சிரித்தது கேட்டது. சார்ஜன் இன்னொரு தடவை சொன்னார். நான் தரையைப் பார்த்தேன்.

அதற்கு முந்தின மாதம்தான் பக்கத்துத் தோட்டத்தில் ஒருவரை நான்கைந்து மருந்துப் பொட்டலத்தோடு பிடித்தார்கள். சொந்தப் பிள்ளையின் காய்ச்சலுக்கு என்று அவர் சொன்னதை யாரும் கேட்கவில்லை. அவரைத் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள், பிறகு பெண்டாட்டி பிள்ளைகளோடு இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள். அந்த வீட்டு டிரங்குப் பெட்டியை லாரியில் தூக்கி வைத்தவர்களில் சித்தப்பாவும் ஒருவர். எனக்கும் அந்தக் கதை தெரியும். அது கெட்டவர்களுக்கு நடக்கிறது என்று நினைத்திருந்தேன்.

சித்தப்பா என்னைத் திட்டவில்லை. கையைப் பிடித்து இழுக்கவுமில்லை. குனிந்து என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

“வேணாம்னா விடு பாப்பா. நான் பாத்துக்கறேன்.”

பிறகு சார்ஜனைப் பார்த்து, பிள்ளை வெட்கப்படுகிறது, கேட்காதீர்கள் என்று அவருக்குத் தெரிந்த மலாயில் சொன்னார். இரண்டு போலீஸ்காரர்கள் அவரை மணல் மூட்டைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்தார்கள். சார்ஜன் ஒரு தடித்த புத்தகத்தைப் பிரித்து அவர் பெயரைக் கேட்டு எழுதினார். ஜீப் வரச்சொல்லி டெலிபோனில் பேசினார். வரிசை நகர்ந்தது. பையன்கள் என்னைத் தாண்டி உள்ளே போனார்கள். நான் வாயை மூடிக்கொண்டு அங்கேயே நின்றேன்.

பெண்களைச் சோதனை போட அந்தக் கேட்டில் ஒரு மலாய்க்கார அம்மா இருந்தார். மாக்சிக் என்று கூப்பிடுவோம், மலாயில் அத்தை என்பது மாதிரி. சாக்குத் தட்டிக்குப் பின்னால் வைத்து மடியையும் கொண்டையையும் தடவிப் பார்ப்பது அவர் வேலை. ‘கைபோடுற பொம்பள’ என்று தோட்டத்துப் பெண்கள் அவரைக் கரித்துக் கொட்டுவார்கள், அம்மாவும்தான். அவர் வந்து என் மணிக்கட்டைப் பிடித்துத் தட்டிக்குள் கூட்டிக்கொண்டு போனார். சாக்கை இறக்கிவிட்டார். என் மடியைத் தடவப் போகிறார் என்று நான் கைகளைத் தூக்கினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, எதிரில் குந்தி உட்கார்ந்து, தன் வாயை அகலமாகத் திறந்தார். மேலே முன்பல் ஒன்றுகூட இல்லை. கீழே இருந்தவை வெற்றிலை போட்டுக் கறுத்திருந்தன. தன் வாயைக் காட்டினார், பிறகு என் வாயைக் காட்டினார். இப்போது உன் முறை என்பது மாதிரி.

திறந்தேன். என் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி ரொம்ப நேரம் பார்த்தார். ‘காசியான்’ என்றார். ஐயோ பாவம் என்று அர்த்தம். வெளியே போய் ஆறு பிரஷையும் வாங்கி வந்து, ஒவ்வொன்றாகக் கம்பிக்கு எதிரில் பிடித்துப் பார்த்தார். நீளத்தலையை உடனே ஒதுக்கினார். உருண்டைத் தலையையும். கடைசியில் குழந்தைகளுக்கான நேர்க்காம்பு ஒன்றை எடுத்துக் கம்பிக்கு அடியில் மெதுவாக நுழைத்தார். வலிக்கவில்லை. லுக்குட்டில் அவ்வளவு நேரம் முடிவுக்கு வராத விஷயம் அந்தச் சாக்குத் தட்டிக்குள் ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

பிறகு என்னைச் சார்ஜனிடம் கூட்டிப்போனார். தன் தலைத்துணியை எடுத்து இரண்டு கையாலும் விரித்து எனக்கும் வரிசைக்கும் நடுவில் திரையாகப் பிடித்துக்கொண்டார். அந்தத் துணிக்குள் சார்ஜனுக்கு மட்டும் நான் வாயைத் திறந்தேன். அவர் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டுத் தன்னையறியாமல் கன்னத்தைத் தடவிக்கொண்டார். புத்தகத்தைப் பிரித்துச் சித்தப்பாவின் பெயரை இரண்டு கோடு போட்டு அடித்தார். ஜீப் வேண்டாம் என்று மறுபடி டெலிபோன் பண்ணினார்.

ஆனால் சட்டம் சட்டம்தானே. ஒரு வாய்க்கு ஒரு பிரஷ் என்று தீர்ப்பாயிற்று. மற்ற ஐந்தும் சார்ஜனின் மேசை இழுப்பறைக்குள் போயின. பழையது தேய்ந்தால் கொண்டுவந்து காட்டிவிட்டு அடுத்ததை வாங்கிக்கொள்ளலாம் என்றார். அரிசிக்குப் பங்கீடு இருந்த காலம், என் பல்லுக்கும் பங்கீடு வந்தது. இப்படி இரண்டு தடவை சித்தப்பா தேய்ந்த பிரஷைக் கையில் பிடித்தபடி கேட்டில் போய் நின்று அடுத்ததை வாங்கி வந்தார். மிச்சம் மூன்று என்ன ஆயின என்று தெரியவில்லை.

பிரஷைக் கண்டுபிடித்தது இதற்குப் பிறகுதான். மாக்சிக் தேர்ந்தெடுத்தது அடியில் நுழைந்ததே தவிர, நேராக வைத்துத் தேய்த்தால் நடுமயிர் கம்பியில் முட்டி ஓரத்து மயிரைப் பல்லில் படவிடாமல் தூக்கியது. சித்தப்பா வாசலில் உட்கார்ந்து, சவர பிளேடை வைத்துக்கொண்டு நடுவரிசையை மட்டும் பொடிப்பொடியாக நறுக்கினார். நறுக்குவார், என்னைக் கூப்பிட்டு வைத்துப் பார்க்கச் சொல்வார், மறுபடி நறுக்குவார். ஒரு பிரஷுக்கு அரைமணி நேரம் பிடிக்கும். உப்புத் தண்ணீரில் தோய்த்துத் தேய்த்தால் கம்பிக்குள் எதுவும் தங்கவில்லை. ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்தது. டிரெசர் அந்த பிரஷைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்டார். அந்த நான்கு பல்லில் மூன்று இன்னும் என் வாயில்தான் இருக்கின்றன. இந்த வயதில் அது பெரிய சொத்து.

மாக்சிக்கின் பெயர் என்ன என்று நான் கேட்டதில்லை. அவசரகாலம் முடிந்து வேலி பிரித்தபோது அவரும் எங்கேயோ இருந்த தம் கம்பத்துக்கு, சொந்தக் கிராமத்துக்கு, போய்விட்டார். எத்தனையோ பெண்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு அவர் முன்னால் கைதூக்கி நின்றார்கள். அவர் எனக்குச் செய்ததை ஒருத்தியிடமாவது நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இப்போது சொல்லிவைக்கிறேன், அவருக்கு நான் கடமைப்பட்டவள்.

சித்தப்பாவுக்கு என்ன சொல்வது? அவர் இறந்த பிறகுதான் அம்மா சொன்னாள், அன்றைக்குக் கேட்டிலிருந்து வந்தவர் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் எழுந்துபோய்விட்டாராம். ஜீப் வந்திருந்தால் என்ன ஆகும் என்று அங்கே உட்கார்ந்திருந்த அவ்வளவு நேரமும் அவருக்குத் தெரியும். நான் வாயைத் திறந்தால் போதும் என்பதும் தெரியும். நான் எவ்வளவு நேரம் திறக்காமல் நின்றேன் என்பதை மட்டும் அவர் அம்மாவிடம் சொல்லவேயில்லை. வரிசையில் நின்ற ஒருவர் சொல்லித்தான் அம்மாவுக்கே தெரிந்ததாம்.

அப்போது நான் நினைத்தது வேறு. ஆறு பிரஷ் வாங்கித் தோட்டத்துக்கே என்னை வேடிக்கைப் பொருளாக்கிவிட்டார் என்று அவர்மேல் எனக்கு அடங்காத கோபம். கம்பி இருந்த நாள் முழுக்க அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் நறுக்கிக் கொடுத்த பிரஷை முகத்தைத் திருப்பிக்கொண்டு வாங்கிக்கொள்வேன்.

சிரம்பானில் கம்பியைக் கழற்றிய அன்று, பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது அவராகவே பேச்சை எடுத்தார்.

“நாலு பேருக்கு முன்னால உன்ன நிக்க வச்சிட்டேன். எம்மேலதான் தப்பு. மன்னிச்சிரு பாப்பா.”

நாக்கால் பற்களை ஒரு சுற்றுத் தடவிப் பார்த்துக்கொண்டேன். அவரைக் கொஞ்ச நேரம் காக்கவைத்தேன். பஸ் வந்து நின்ற பிறகு, போனால் போகிறது என்று மன்னித்தேன்.